ஐரோப்பியப் பழைய அச்சப் படங்களும் பாட ஆராய்ச்சியும்

முன்னுரை

திறனாய்வின் முதற்படி பாடத்தை உறுதி செய்துகொள்ளுதல் ஆகும். ஒரு செய்யுளின் நயத்தைப் பேசப் புகுவார் அச்செய்யுளின் சொற்கள் இவைதாம் என்று முதற்கண் தெளிந்திருத்தல் வேண்டும். சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பதிப்பித்த பெருமக்கள் பாட வேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டிச் சென்றமை இதுபற்றியே. பிழைபட்ட பாடத்தின்மேல் எழுப்பிய நயவுரை, எழுப்பியவர் எத்துணைப் புலமை உடையராயினும், நெடிது நில்லாது. இவ்வுண்மை தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று.

ஆயினும் திரைப்படம் பற்றிய திறனாய்வில் இம்முறை போதிய அளவு கைக்கொள்ளப்படவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. சுவடியைக் கை எழுதுகின்றது, கை பிழைக்கும். திரைப்படத்தையோ பொறி படியெடுக்கின்றது. பொறி பிழையாது என்பது பொதுவான எண்ணம். ஒரு படத்தின் படிகள் யாவும் ஒன்றுபோல் இருக்கும் என்றும், ஒரு படியைக் கண்டவர் அப்படத்தையே கண்டவர் என்றும் பலர் கருதுகின்றனர்.

இக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு, 1920க்கும் 1960க்கும் இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் உருவான அச்சப் படங்கள் தக்க சான்றுகளாகும். நீதிமன்ற ஆணை, தணிக்கை, வாணிகர் கைவேலை, காலத்தின் அழிவு ஆகிய நான்கிற்கும் இப்படங்கள் பிறவகைப் படங்களைக் காட்டிலும் மிகுதியாக ஆளாயின. மலிவான பொழுதுபோக்கு என எண்ணப்பட்டமையால் இவற்றைப் பேணுவார் தொடக்கத்தில் மிகச் சிலரே. இன்று இவை உயர்ந்த கலைப்படைப்புகள் என உலகெங்கும் போற்றப்படுகின்றன. பல்கலைக்கழகங்களிற் பாடமாகவும் பயிலப்படுகின்றன. ஆதலின் இவற்றை ஆராய்வோர் சுவடி ஆய்வாளரின் விழிப்பினை மேற்கொள்ளுதல் இன்றியமையாதது. அங்ஙனம் மேற்கொள்ளாதவழிச் சிதைவைக் கலை எனக் கொள்ளுதலும், கலையைச் சிதைவு எனத் தள்ளுதலும் ஆகிய இருவகைப் பிழைகள் நேரும். ஐந்து படங்களைக் கொண்டு இதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சமும் அதன் நிலைக்களனும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கன் வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. அச்சத்திற்குப் புறத்தே ஒரு நிலைக்களன் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். திரைப்படத்தில் அந்நிலைக்களன் ஒளியாலும் ஒலியாலும் காலக்கணக்காலும் ஆக்கப்படுவது. பேய் எங்கே நிற்கின்றது என்பதைவிட, அது நிற்கும்பொழுது இரவா பகலா, அதன்மேல் விழுந்த ஒளி எத்தகையது, அது எத்துணை மெதுவாக நெருங்குகின்றது என்பனவே காண்போர் உள்ளத்தை நடுக்குகின்றன.

படியெடுக்குங்கால் முதலிற் கெடுவனவும் இவையே. கதை பெரும்பாலும் கெடுவதில்லை. முதற்படியிலிருந்து மற்றொன்றும் அதிலிருந்து வேறொன்றும் எடுக்க எடுக்க, நிழலின் நுட்பம் மறையும், நிறம் நீங்கும், ஓட்டத்தின் வேகம் மாறும். சான்றாக, மௌனப் படங்கள் பிற்காலத்துப் பேசும் படங்களினும் குறைந்த வேகத்தில் ஓட்டுதற்கு உரியன. நொடிக்கு 24 சட்டகம் என்னும் பேசும் பட வேகத்தில் அவற்றை ஓட்டினால் மாந்தர் துள்ளித் துள்ளி ஓடுவர். அச்சத்திற்குரிய காட்சி நகைக்குரியதாகும். மௌனப் பட நடிகரின் நடிப்பு நகைப்பூட்டுவது என்று பின்னோர் பலர் கூறியதற்கு இவ்வேக மாற்றமும் ஒரு காரணம் என்க. மெய்ப்பாடு திரிவதற்குக் கதை திரிய வேண்டுவதில்லை. ஓட்டம் திரிந்தாலே போதும்.

நோஸ்பெராட்டு: பகலில் நடந்த பேய்

முர்னாவ் இயக்கிய 'நோஸ்பெராட்டு' 1922ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் பெர்லினில் முதன்முதல் திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தது பிராணா நிறுவனம். திரைக்கதை வகுத்தவர் ஹென்ரிக் காலீன். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) என்னும் நாவலைத் தழுவியது இப்படம். ஆயின் உரிமை பெறாமலே தழுவியது. ஊரும் பெயரும் மாற்றப்பட்டன; டிராகுலா, ஆர்லோக் கோமகன் ஆனான். ஸ்டோக்கரின் மனைவியார் வழக்குத் தொடுத்தார். படத்தின் படிகளை எல்லாம் அழித்துவிடுமாறு 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குத் தப்பி அயல்நாடுகளிற் சிதறிக்கிடந்த படிகளாலேயே இன்று நாம் இப்படத்தைக் காண்கின்றோம்.

தப்பிய படிகளிலிருந்து பிற்காலத்தில் எடுக்கப்பட்ட படிகள் பல, வெறும் கறுப்பு வெள்ளைப் படிகள். அவற்றிற் காண்போர்க்கு ஒரு முரண் புலனாகும். ஆர்லோக் தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு விஸ்போர்க் நகரத் தெருக்களில் நடக்கின்றான். எங்கும் பட்டப்பகல் போல் வெளிச்சம். சுவர்கள் வெயிலிற் சுடர்கின்றன. ஆயின் படத்தின் முடிவில், எல்லன் என்னும் பெண் தன்னுயிரை ஈந்து அவனைச் சேவல் கூவுமளவும் தன்பால் நிறுத்திவைக்க, காலைக் கதிர் பட்டு அவன் புகைபோல் மறைகின்றான். பகலில் நகரை வலம் வந்தவன் காலை வெயிலில் மாய்வது எங்ஙனம்? இம்முரணைக் கண்டவருட் சிலர் இது படைப்பாளியின் கவனக்குறைவு என்பர். சிலர் இது கனவின் நெறி என்று நயமும் கூறுவர்.

இரண்டும் வேண்டா. அக்காலத்துப் படச்சுருளின் ஒளியுணர்வு மிகக் குறைவு. இரவில் வெளிப்புறக் காட்சிகளைப் பிடித்தல் அரிது. ஆதலின் இரவுக் காட்சியைப் பகலிற் பிடித்து, படிக்கு நீலம் சார்ந்த சாயம் ஏற்றுதல் அந்நாளைய வழக்கம். நீலம் இரவு எனவும், மஞ்சள் பகலும் விளக்கொளியும் எனவும், இளஞ்சிவப்பு விடியல் எனவும் காண்போர் உணர்ந்துகொண்டனர். சாயம் ஏற்றிய பழைய படியொன்று பாரிசிலுள்ள பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தில் எஞ்சியிருந்தது. அதனை முதன்மையாகக் கொண்டு, 2005–2006ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளை செப்பம் செய்த பாடத்தில், ஆர்லோக் நடக்கும் தெருக்கள் நீலம் தோய்ந்து காணப்படுகின்றன. பகல் இரவாயிற்று; முரண் நீங்கிற்று.

நீங்கியது முரண் மட்டுமன்று; படத்தின் பொருளும் விளங்கிற்று. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். ஆற்றல் மட்டுமே குன்றும். கதிரவன் ஒளியால் இரத்தக் காட்டேறி மாயும் என்பது இப்படம் புதிதாகப் படைத்த செய்தி. பின்னர் வந்த நூற்றுக்கணக்கான படங்கள் இதனைப் பழமரபுபோல் ஏற்றுக்கொண்டன. ஆகவே ஒளிக்கும் இருளுக்கும் உள்ள பகையே இப்படத்தின் உயிர்நிலை. நிறம் நீங்கிய படியில் கெட்டது அவ்வுயிர்நிலையே ஆகும். சாயம் என்பது பின்னர்ப் பூசிய ஒப்பனையன்று. அது பொருள் உணர்த்தும் உறுப்பு. செய்யுளிற் சீர் சிதைந்தால் ஓசை மட்டுமே கெடும். ஈண்டோ காலமும் கருப்பொருளும் ஒருங்கே கெட்டன.

இனி, இதே படத்தில் இதற்கு மறுதலையான ஓரிடமும் உண்டு. கதைத்தலைவன் ஹுட்டரை ஏற்றிக்கொண்டு கோமகனின் வண்டி காட்டுவழியே விரையும்பொழுது, காட்சி நெகட்டிவ் ஆகவே தோன்றுகின்றது. மரங்கள் வெளுத்தும் வானம் கறுத்தும் நிற்கின்றன. முதன்முறை காண்பவர் இதனைப் படியின் பழுது என்று எண்ணக்கூடும். இது முர்னாவ் வேண்டுமென்றே அமைத்தது. மனிதர் உலகின் எல்லையைக் கடந்தமையைக் காட்டுவது. ஒரே படத்தில் ஓரிடத்துச் சிதைவு கலைபோலவும் மற்றோரிடத்துக் கலை சிதைவுபோலவும் மயக்குதல் நோக்கற்பாலது.

வாம்பீர்: மங்கலாகிய கலை

இம்மயக்கத்தின் இரண்டாம் கூற்றை டிரையரின் 'வாம்பீர்' இன்னும் தெளிவாகக் காட்டும். டென்மார்க்கு நாட்டவராகிய டிரையர் இப்படத்தைப் பிரான்சு நாட்டிற் பிடித்தார். ஷெரிடன் லெ ஃபனு 1872இல் வெளியிட்ட கதைத்தொகுதி ஒன்றன் சாயல் இதிலுண்டு. 1932ஆம் ஆண்டு மே மாதத்தில் பெர்லினில் வெளிவந்த இப்படம் வரவேற்புப் பெறவில்லை.

இப்படத்தின் காட்சிகள் பல வெளிறிய பனிப்படலத்தினூடே காண்பனபோல் உள்ளன. உருவங்களின் விளிம்பு கரைகின்றது. வெண்மை தூய வெண்மையன்று, கருமை முழுக்கருமையன்று. பழைய படி ஒன்றிற் காண்பவர் இவையாவும் சுருளின் முதுமையால் வந்தவை என்று கழித்துவிடுதல் எளிது. உண்மை அதுவன்று. தொடக்கநாட்களிற் பிடித்த காட்சி ஒன்றில் வேண்டாத ஒளி வில்லையிற் பட்டு, படம் சாம்பல் நிறமாக மங்கித் தோன்றிற்று. டிரையரும் படப்பிடிப்பாளர் ருடால்ப் மாத்தேயும் அம்மங்கலே தாம் தேடிய தோற்றம் என்று கண்டனர். பின்னர் மெல்லிய துணித்திரையையும் ஒளியையும் துணைக்கொண்டு அதனை வேண்டுமென்றே வருவித்தனர். தற்செயலாய் நேர்ந்த பழுது ஆசிரியனால் ஏற்கப்பட்டு நடையாயிற்று. உடலின்றித் தனியே உலவும் நிழல்களும், சவப்பெட்டிக்குள் கிடப்பவன் அதன் கண்ணாடி வழியே மேலே வானத்தைக் காணும் காட்சியும் இம்மங்கலில்தான் நம்பத்தக்கனவாகின்றன. தெளிவான ஒளியில் அவை வெறும் உத்தியாகத் தோன்றும்.

இதனால் செப்பம் செய்வார்க்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கின்றது. மங்கலையெல்லாம் பழுதெனக் கொண்டு துடைத்துத் தெளிவாக்க முற்படுவோர், வழக்கிறந்த சொல்லைப் பிழையென்று எண்ணித் தமக்குத் தெரிந்த எளிய சொல்லை இட்டுப் பாடத்தைத் திருத்திவிடும் ஏடெழுதுவோரை ஒப்பர். இருவரும் நல்லெண்ணத்தாற் கெடுப்பவரே.

மேலும், 'வாம்பீர்' என்னும் படத்திற்கு ஒரே மூலம் என்பது தொடக்கத்திலேயே இல்லை. பேசும் படத்தின் முதற்காலம் ஆகலின், வெவ்வேறு மொழியினர்க்கு வெவ்வேறு வடிவம் ஆக்க வேண்டியிருந்தது. நடிகர்கள் ஒரே காட்சியைப் பல மொழிகளில் உதடசைத்து நடித்தனர்; குரல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஜெர்மன் வடிவில் ஆலன் கிரே என வழங்கும் தலைவன், பிரெஞ்சு வடிவில் டேவிட் கிரே ஆகின்றான். ஜெர்மன் தணிக்கையாளர், கிழவியின் உடலில் இரும்பு முளை அறையும் காட்சியையும் மாவாலையில் மருத்துவன் மூச்சடைத்து மாயும் காட்சியையும் குறைக்கச் செய்தனர். மூல நெகட்டிவ் கிடைக்கவில்லை. 1998இல் ஆக்கப்பட்ட செப்பப் பாடம் வெவ்வேறு படிகளை ஒப்புநோக்கி உருவாயது. ஈண்டு ஆய்வாளர் 'மூலம் எது' என்று வினவுதலினும், 'எந்த வடிவம்' என்று வினவுதலே தகும்.

காலிகாரி: ஓர் ஏடும் ஒரு கோட்பாடும்

மேற்கூறிய இரண்டும் காட்சியின் தோற்றம் பற்றியன. பாடத்தை நோக்காமை ஒரு நாட்டின் வரலாற்றைப் பற்றிய தீர்ப்பையே பாதிக்கும் என்பதற்கு 'டாக்டர் காலிகாரியின் அறை' என்னும் படத்தை நோக்குவாம்.

ராபர்ட் வீனே இயக்கிய இப்படம் 1920ஆம் ஆண்டு பிப்பிரவரி 26ஆம் நாள் பெர்லினில் வெளிவந்தது. கோணிய சுவர்களும் தீட்டிய நிழல்களும் கொண்ட அதன் அரங்கங்களை வார்ம், ரைமான், ரோரிக் என்னும் மூவர் அமைத்தனர். கதை வருமாறு: துயில்நடையன் ஒருவனைக் காட்சிப்பொருளாகக் கொண்டு ஊரூராய்த் திரியும் காலிகாரி, அவனைக் கொண்டு கொலைகள் செய்விக்கின்றான். பிரான்சிஸ் என்னும் இளைஞன் அவனைப் பின்தொடர்ந்து, அவன் ஒரு மனநோய் மருத்துவமனையின் தலைவனே என்று காண்கின்றான். ஆயின் இவற்றைக் கூறிய பிரான்சிசே அம்மருத்துவமனையின் நோயாளி என்று இறுதியிற் புலனாகின்றது. கதைக்குப் புறத்தே அமைந்த இப்பகுதியைப் புறக்கதை என்று வழங்குவாம்.

1947இல் சீக்பிரீட் கிராக்கவர் 'காலிகாரி முதல் ஹிட்லர் வரை' என்னும் நூலை வெளியிட்டார். ஜெர்மன் மக்களின் மனப்போக்கை அவர்தம் திரைப்படங்களின் வழி அறியலாம் என்பது அந்நூலின் கோட்பாடு. அக்கோட்பாட்டிற்குத் தலையாய சான்றாக அவர் கொண்டது இப்புறக்கதையே. கதாசிரியர் இருவரும், யானோவிட்சும் மாயரும், அதிகாரத்தின் பித்தை வெளிப்படுத்தக் கதை எழுதினர் என்றும், புறக்கதை அவர்தம் விருப்பிற்கு மாறாகப் பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்றும், அதனால் அதிகாரத்தை எதிர்த்த கதை அதிகாரத்திற்குப் பணிந்த கதையாயிற்று என்றும் அவர் முடிவு செய்தார். இதற்கு அவர்க்குக் கிடைத்த ஆதாரம் யானோவிட்ஸ் பல்லாண்டு கழித்து எழுதிய நினைவுக்குறிப்பு. திரைக்கதையின் ஏடு அன்று அவர்க்குக் கிடைத்திலது.

காலிகாரியாக நடித்த வெர்னர் கிராவுசிடம் அத்திரைக்கதையின் தட்டச்சுப்படி ஒன்று இருந்தது. அவர் மறைவிற்குப் பின்னர் அது பெர்லினிலுள்ள திரைப்படக் காப்பகத்தை அடைந்து, 1995இல் அச்சாயிற்று. அதனை நோக்கிய ஆய்வாளர் வியப்புற்றனர். அதிலும் ஒரு புறக்கதை உண்டு. ஆயின் படத்திற் காணும் புறக்கதை அன்று. பிரான்சிசும் ஜேனும் மணமுடித்து நல்வாழ்வு வாழ்கின்றனர். தம் இல்லத்தில் நண்பர் சூழ்ந்திருக்கையில், இருபது ஆண்டுகட்கு முன் நிகழ்ந்ததாக அவன் இக்கதையைக் கூறுகின்றான். மருத்துவமனையும் இல்லை, கூறுவோன் பித்தனும் இல்லை.

இதனால் தெளிவன இரண்டு. கதாசிரியர் புறக்கதையே எண்ணவில்லை என்னும் கருத்து வலியிழந்தது. ஆயின் கதை சொல்வோனைப் பித்தனாக்கிய மாற்றம் பின்னர் நேர்ந்ததே என்பதும் உறுதியாயிற்று. ஆகவே கிராக்கவர் கூற்று முழுப்பொய்யும் அன்று, முழுமெய்யும் அன்று. ஏடு கிடைக்குமுன் எழுந்த உறுதியான முடிவு, ஏடு கிடைத்தபின் அளவுபட்டு நிற்கின்றது.

இங்கு அகச்சான்று ஒன்றையும் எண்ணுதல் வேண்டும். புறக்கதை அதிகாரத்திற்குப் பணிந்தது எனின், பித்தனின் கதை முடிந்து நாம் நடப்புலகிற்கு மீளும்பொழுது சுவர்கள் நேராதல் வேண்டும். படத்தில் அவை நேராகவில்லை. பிரான்சிஸ் கூறிய கதையில் வந்த மருத்துவமனை முற்றம், கதிர்போல் விரியும் கோடுகளோடு, புறக்கதையிலும் அவ்வண்ணமே நிற்கின்றது. உலகம் கோணியே இருக்கின்றது. மருத்துவரோ தமக்கு நோய்தீர்க்கும் வழி தெரிந்துவிட்டது என்று கூறுகின்றார். அவர் முகத்தை நோக்கிக் காண்பவர் ஆறுதல் அடைகின்றாரா, அஞ்சுகின்றாரா? அஞ்சுகின்றார் என்பதே எம் கருத்து. ஏடு புறச்சான்று தந்தது. அரங்கம் அகச்சான்று தருகின்றது. இரண்டையும் நோக்காது ஒரு நாட்டின் உள்ளத்தைத் தீர்ப்பிடுதல் மிகை.

2014இல் இப்படத்தின் செப்பப் பாடமும் வெளிவந்தது. மூல நெகட்டிவில் முதற்பகுதி இல்லாமையால் அப்பகுதி வேறு படிகளினின்று நிரப்பப்பட்டது. நிறங்கட்கு இலத்தீன் அமெரிக்கா சென்றிருந்த பழைய படிகள் துணையாயின. ஏட்டின் முதற்பகுதி சிதைந்துபோக, பிற சுவடிகளால் அதனை நிறைவிக்கும் பதிப்பு முறையே இது.

தணிக்கையும் வாணிகமும்

இனி 1960ஆம் ஆண்டில் வெளிவந்த இரு படங்களை நோக்குவாம். ஒன்று பிரான்சு நாட்டு ஜார்ஜ் பிரான்ஜு இயக்கிய 'முகமற்ற கண்கள்'. மற்றொன்று இத்தாலி நாட்டு மாரியோ பாவா இயக்கிய 'பேயின் முகமூடி'.

பிரான்ஜுவின் படத்தில், தன் பிழையால் நேர்ந்த விபத்தில் மகளின் முகம் சிதைந்துவிட, புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் இளம்பெண்களைக் கவர்ந்துவந்து அவர்தம் முகத்தோலை உரித்து மகளுக்கு ஒட்ட முயல்கின்றார். மகள் உணர்ச்சியற்ற வெண்முகமூடி அணிந்து வீட்டினுள் உலவுகின்றாள். இப்படம் 1962இல் அமெரிக்காவில் ஆங்கிலக் குரல் சேர்க்கப்பட்டு, 'டாக்டர் பாஸ்டசின் பயங்கர அறை' என்னும் பொருள்படும் பெயரோடு, மற்றொரு மலிவான படத்துடன் இணைத்துத் திரையிடப்பட்டது. படத்தில் பாஸ்டஸ் என்று எவரும் இல்லை. தோலை உரிக்கும் காட்சியிற் சில பகுதிகள் நீக்கப்பட்டன. அதனினும் கருதத்தக்கது வேறொரு நீக்கம்: தம் மருத்துவமனையிலுள்ள சிறுவன் ஒருவனிடம் அம்மருத்துவர் அன்பு காட்டும் காட்சியும் வெட்டப்பட்டது.

குருதியை வெட்டினால் அச்சம் சிறிது குறையும். அன்பை வெட்டினால் அச்சத்தின் இயல்பே மாறும். கொடியவன் கொடுமை செய்வது வியப்பன்று. பிறர் குழந்தையைப் பரிவோடு தேற்றும் அதே கை, தன் குழந்தையின் பொருட்டுப் பிறர் மகளின் முகத்தை அறுக்கின்றது என்பதே இப்படத்தின் நடுக்கம். அன்பு எல்லை கடந்தவழி அறத்தைக் கொல்லும் என்னும் உண்மை அதனுள் உளது. வெட்டிய வடிவை மட்டும் கண்டார் இதனை வழக்கமான பித்தேறிய மருத்துவன் கதை என்று கூறினாராயின், அவர் கண்ட படத்தைப் பற்றி அவர் கூறியது சரியே; பிரான்ஜுவின் படத்தைப் பற்றி அன்று. வெட்டப்படாத வடிவம் அமெரிக்கத் திரையரங்குகளை 2003இல்தான் அடைந்தது.

பாவாவின் படம் கோகோலின் 'வீய்' என்னும் கதையைத் தழுவியது. சூனியக்காரி ஒருத்தியின் முகத்தில், உட்புறம் முட்கள் கொண்ட முகமூடியைச் சம்மட்டியால் அறையும் தொடக்கக் காட்சி புகழ்பெற்றது. பார்பரா ஸ்டீல் சூனியக்காரியாகவும் அவள் வழியில் வந்த இளம்பெண்ணாகவும் இரட்டை வேடம் பூண்டார். இப்படத்தை அமெரிக்காவில் வெளியிட்ட நிறுவனம் கொடுமைக் காட்சிகளைக் குறைத்தது; உரையாடலை மீண்டும் பதிந்தது; ரொபெர்த்தோ நிக்கொலோசியின் இசையை நீக்கி லெஸ் பாக்ஸ்டரின் இசையைச் சேர்த்தது. இங்கிலாந்திலோ 1968 வரை படமே வெளிவரவில்லை.

இங்கும் மூலமொழி எது என்னும் வினா எழும். உடனொலி பதியாது, படப்பிடிப்பிற்குப் பின்னர் எல்லாக் குரலையும் சேர்த்தல் அக்கால இத்தாலியப் படங்களின் வழக்கம். ஆதலின் இத்தாலிய வடிவம் மூலம், ஆங்கில வடிவம் மொழிபெயர்ப்பு என்று எளிதிற் பிரித்துரைத்தல் இயலாது. ஆயின் இசையைப் பொறுத்தவரை ஐயமில்லை: ஆசிரியன் ஏற்றது ஒன்று, வாணிகன் மாற்றியது மற்றொன்று. ஒரே படத்துள் ஓர் உறுப்பிற்கு மூலம் உறுதியாகவும் மற்றோர் உறுப்பிற்கு உறுதியின்றியும் இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

திரிந்த பாடத்தின் மதிப்பு

இதுகாறும் கூறியவற்றால், திரிந்த பாடங்களை யெல்லாம் புறக்கணித்தல் வேண்டும் என்று கருதலாகாது. இதற்கும் 'நோஸ்பெராட்டு' ஒரு சான்று தருகின்றது. மௌனப் படத்தில் இடையிடையே வரும் எழுத்தட்டைகளுள் ஒன்று, ஹுட்டர் பாலத்தைக் கடந்ததும் நிகழ்ந்ததைக் கூறுவது. ஜெர்மன் மூலத்தில் அது, அவன் அடிக்கடி சொல்லிவந்த அச்சுறுத்தும் தோற்றங்கள் அவனைப் பற்றிக்கொண்டன என்னும் கருத்துடைய நீண்ட தொடர். பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் அதனைச் சுருக்கி, பாலத்திற்கு அப்பால் ஆவிகள் அவனை எதிர்கொள்ள வந்தன என்னும் கருத்துப்பட அமைத்தார். இச்சிறு தொடரே கவிஞர் ஆந்திரே பிரெத்தோனின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. 1932இல் வெளியிட்ட தம் நூலில் அவர் இதனை வியந்து குறித்தார். மீமெய்யியல் இயக்கத்தார் பலர்க்கும் இது மந்திரம் போல் ஆயிற்று.

மூலத்தை மட்டும் போற்றுவோர் இத்தொடரைப் பிழைமொழி பெயர்ப்பு எனத் தள்ளுவர். தள்ளின், அக்காலப் பிரெஞ்சுக் கவிதை உலகம் இப்படத்தை எங்ஙனம் ஏற்றது என்னும் வரலாறு விளங்காது போம். உரையாசிரியர் ஒருவர் கொண்ட பாடம் மூலப்பாடம் அன்றாயினும், அவ்வுரையை விளக்குதற்கு அப்பாடமே வேண்டும் அன்றோ? அதுபோலவே இதுவும். மூலப்பாடம் ஆசிரியன் உள்ளத்தைக் காட்டும். திரிந்த பாடம் கண்டோர் உள்ளத்தைக் காட்டும். இரண்டும் ஆய்வுக்கு உரியன. ஒன்றை மற்றொன்றாக மயங்குதலே குற்றம்.

செப்பம் செய்த பாடத்தையும் மூலம் என்று மயங்குதல் கூடாது. 2006இன் 'நோஸ்பெராட்டு'வில் காட்சிகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் படியினின்று வந்தன. ஜெர்மன் எழுத்தட்டைகள் வேறு படியினின்று சேர்க்கப்பட்டன. ஹான்ஸ் எர்ட்மனின் இசை மீட்டமைக்கப்பட்டது. 1922இல் பெர்லின் மக்கள் கண்ட படி இவ்வாறே இருந்தது என்று எவரும் உறுதி கூறார். இது பதிப்பு, சிறந்த பதிப்பு, ஆயினும் பதிப்பே.

முடிவுரை

இன்று இப்படங்களைக் காண்பது எளிது. கணிப்பொறித் திரையில் ஒரே பெயரோடு பத்துப் படிகள் கிடைக்கின்றன. அவற்றுள் எளிதிற் கிடைப்பது பெரும்பாலும் கெட்ட படியே. செப்பப் பாடங்கட்கு உரிமையும் விலையும் உண்டு; நிறம் நீங்கி, வேகம் திரிந்து, பொருந்தா இசையோடு உலவும் படிகட்கு அவை இல்லை. ஆகவே இப்பழைய படங்களைப் பயிலும் மாணவர் முன்னையோரினும் மிகுதியாக விழிப்போடிருத்தல் வேண்டும்.

இக்கட்டுரையின் முடிபுகளைத் தொகுத்துக் கூறின் அவை மூன்றாகும். முதலாவது, ஒரு பழைய படத்தைப் பற்றி எழுதுவோர் தாம் கண்ட படி யாது, யார் செப்பம் செய்தது, எந்த ஆண்டினது என்று குறித்தல் வேண்டும். இரண்டாவது, ஒளி, நிறம், வேகம், இசை ஆகியவற்றைப் பற்றிய எக்கருத்தையும் பிற படிகளோடு ஒப்புநோக்கிய பின்னரே நிறுவுதல் வேண்டும். ஒரு மங்கலையோ முரணையோ கண்டவுடன் அது கலையா சிதைவா என்று வினவுதல் வேண்டும். மூன்றாவது, திரிந்த வடிவங்களைக் கழித்துவிடாது, அவற்றைக் கண்ட மக்களின் வரலாற்றுக்கு உரிய சான்றுகளாகப் பேணுதல் வேண்டும்.

ஆர்லோக் பகலில் நடந்தான் என்று எழுதிய திறனாய்வாளர் கண்ணாற் கண்டதையே எழுதினார். அவர் பொய் கூறிற்றிலர். ஆயினும் அவர் கண்டது முர்னாவ் காட்டியது அன்று. கண்டதற்கும் காட்டியதற்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டை அளந்தறிதலே பாட ஆராய்ச்சி. சுவடிக்கு அதனைச் செய்து பழகிய துறையினர் படச்சுருளுக்கும் அதனைச் செய்தல் தகுதியும் கடமையும் ஆம்.